"பச்சையம்மன் துணை 🙏" குரூப்: வியாழக்கிழமை ராத்திரி

பிரியா (8:41)
போளூர் பக்கம் நம்ம கோயிலுக்கு வேன் ஞாயித்துக்கிழமை விடியக்காலைல 4.30க்கு. முதல்ல அயனாவரம், அப்புறம் அம்பத்தூர், பூந்தமல்லி. மோகன் சித்தப்பா நீங்க பூந்தமல்லி வந்து ஏறிக்கோங்க. 12 மணிக்கு எமகண்டம், அதுக்குள்ள துருவனுக்கு மொட்டை, காதுகுத்து ரெண்டும் முடியணும்

மோகன் சித்தப்பா பல்லாவரம்
அந்நேரத்துல பூந்தமல்லிக்கு பஸ் ஏது

தீபக்
ஆட்டோ

மோகன் சித்தப்பா பல்லாவரம்
துட்டு உங்கப்பன் குடுப்பாரா

ராஜேந்திரன் பெரியப்பா (8:52)
⏩ பலமுறை பகிரப்பட்டது
[வீடியோ]
அவசரம்!! அவசரம்!! பைக்கில் வந்து குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் கும்பல் இறங்கியுள்ளது. வெளியூர் ஆட்களைக் கண்டால் விடாதீர். அனைத்து குரூப்பிற்கும் அனுப்பவும்

ராஜேந்திரன் பெரியப்பா
பிரியா, கோயில்ல துருவன் கைய விடாத. போளூர் பக்கம்தான் சுத்தறானுங்களாம்

சரோஜா பெரியம்மா
ஐயோ

மோகன் சித்தப்பா பல்லாவரம்
எனக்கும் வந்துது

நிலா
தாத்தா இது பழைய வீடியோ

ராஜேந்திரன் பெரியப்பா
பழசுன்னா நடக்காதா? நாலு நாளா போனத் தெறந்தா இதான் வருது. ஒண்ணு ரெண்டுன்னா பொய்னு சொல்லு. இத்தினி பேருமா பொய் சொல்லுவான்

கவிதா அம்பத்தூர் (9:03)
பெரியப்பா, கோச்சுக்காம முழுசா படிங்க. இந்த வீடியோ கராச்சியில எடுத்தது. பசங்களத் தனியா ரோட்ல விடாதீங்கன்னு சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்ல வர்றவன் பையனத் தூக்கிட்டுப் போய், உடனே திரும்பி வந்து எறக்கி விட்டுட்டு, ஒரு குழந்தையக் கடத்த ஒரு நொடி போதும்னு அட்டையக் காட்டுவான். அந்தக் கடைசித் துண்ட வெட்டிட்டுத்தான் 2018-ல நம்ம நாடு பூரா சுத்த விட்டாங்க. அந்த வருஷம் மே மாசம் நம்ம போளூர்கிட்ட அத்திமூர்ல என்ன நடந்துச்சு? சென்னையிலேர்ந்து குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம். கார்ல போயிருக்காங்க. வழியில நின்ன பசங்களுக்கு சாக்லேட் குடுத்திருக்காங்க. பிள்ளை புடிக்கிறவங்கன்னு ஊரே சேந்து அடிச்சதுல 65 வயசு அம்மா செத்தே போயிட்டாங்க. அதே வாரம் பழவேற்காட்டுலயும் ஒருத்தரை அடிச்சே கொன்னாங்க.

தீபக்
ஆமா. பேப்பர்ல வந்துச்சு

மோகன் சித்தப்பா பல்லாவரம்
அந்தம்மா எங்க பல்லாவரம்தான். பாவம்

பிரியா
அக்கா நான் கோயில் பசங்களுக்கு குடுக்க ரெண்டு பாக்கெட் சாக்லேட் வாங்கி வச்சிருக்கேன்

பிரியா
இப்ப என்ன பண்றது

சரோஜா பெரியம்மா
ஆயா சொல்றாங்க, உங்க பாட்டன் காலத்துலேர்ந்து அங்க பொரி உருண்டை குடுக்கறோம், நம்மள எவன் கேப்பான்னு

கவிதா அம்பத்தூர்
ஆயாவத் தெரிஞ்சவங்க இப்ப அந்த ஊர்ல யாரு இருக்கா? வருஷத்துக்கு ஒரு தடவ வேன்ல போய் எறங்கறோம். அந்த மெசேஜ்ல வர்ற வெளியூர் ஆளுங்க நாமதான் பெரியம்மா

ராஜேந்திரன் பெரியப்பா
ஜாக்கிரதைக்கு அனுப்பினா டீச்சரம்மா பாடம் எடுக்குது

கவிதா அம்பத்தூர் (9:15)
பாடம் இல்ல பெரியப்பா. நாலு நாளா இதான் வருதுன்னீங்கல்ல? மொத நாள் ஒண்ண நின்னு முழுசா பாத்திருப்பீங்க. பேஸ்புக் மாதிரி ஆப்ல எதக் காட்டணும்னு முடிவு பண்ற அல்காரிதம் அதக் கணக்கு வச்சுக்கிட்டு அதே மாதிரி ஒண்ணு, அதவிட பயமா இன்னொண்ணுன்னு எடுத்துப் போடும். போளூர்ல கடத்தல் ஜாஸ்தியாகல, உங்க போன்லதான் ஜாஸ்தியாயிருக்கு. பேஸ்புக்ல 2017-லேர்ந்து கொஞ்ச காலம், கோப மூஞ்சிய அமுக்கினா அது 5 லைக்குக்கு சமம்னு எடை போட்டு மேல தள்ளியிருக்காங்க. 2021-ல அங்க வேலை பாத்த பிரான்சஸ் ஹாகன் உள்ள இருந்த காகிதத்தையெல்லாம் வெளிய கொண்டாந்தப்பறம்தான் இதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சது.

மோகன் சித்தப்பா பல்லாவரம்
இன்னாமா இவ்ளோ நீளம். இரு கண்ணாடிய எடுத்தாறேன்

தீபக்
ஆனா வாட்ஸ்அப்ல அல்காரிதம் கிடையாதேக்கா

நிலா
இங்க தாத்தாதான் அல்காரிதம்

பிரியா
😂😂

ராஜேந்திரன் பெரியப்பா
வளர்ப்பு அப்படி

சரோஜா பெரியம்மா
நிலா நீ வர்ற இல்ல? பாவாடை தாவணி எடுத்து வச்சிருக்கேன்

நிலா
பாக்கலாம் பாட்டி

கவிதா அம்பத்தூர்
எங்க வர்றா. போட்டோல மூஞ்சி குண்டா தெரியுதாம். ரீல்ஸ்ல எவளோ நாள் பூரா வெள்ளரிக்காய் தின்னுட்டு இடுப்பக் காட்றா, இவ ராத்திரி ஒரே தோசைல பாதிய தட்டுல வச்சுட்டு எழுந்துக்கறா

நிலா
அம்மா குரூப்ல என் தோசைய எண்ணாத

சரோஜா பெரியம்மா
உங்கம்மா இந்த வயசுல எப்படி கொழுகொழுன்னு இருந்தா தெரியுமா

நிலா
பாட்டி ப்ளீஸ்

மோகன் சித்தப்பா பல்லாவரம்
ஆஸ்திரேலியால 16 வயசுக்குக் கீழ பேஸ்புக், இன்ஸ்டாவுல எல்லாம் கணக்கே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். 2025 டிசம்பர்லேர்ந்து

நிலா
இங்க 60க்கு மேல போடலாம்

தீபக்
🔥

கவிதா அம்பத்தூர்
பெரியப்பாவுக்கு பதில் எழுத வருது. இவகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல

பிரியா (9:34)
பெரியப்பா மொதல்ல அந்த வீடியோவ எடுங்க. வேற எங்கல்லாம் போட்டீங்க?

ராஜேந்திரன் பெரியப்பா
எல்லாத்துக்கும் ஒரேயடியா போகமாட்டேங்குது. ஒரு தடவைக்கு ஒரு குரூப்தான் எடுக்குது

தீபக்
அப்பாடா

ராஜேந்திரன் பெரியப்பா
அதனால ஒண்ணொண்ணா போட்டேன். ரிடையர்டு ஆளுங்க, வாக்கிங் குரூப், அப்புறம் பூசாரி

பிரியா
எந்தப் பூசாரி

ராஜேந்திரன் பெரியப்பா
நம்ம கோயில் பூசாரிதான். ஊர் குரூப்ல போட்டுட்டேன்னு கட்டை விரல் காட்டினாரு

கவிதா அம்பத்தூர்
பெரியப்பா!!!!

தீபக்
அப்பா

மோகன் சித்தப்பா பல்லாவரம்
சுத்தம். ஞாயித்துக்கிழமை அந்த ஊருக்குத்தான்யா போறோம்

ராஜேந்திரன் பெரியப்பா
எடுத்துட்டேன்

பிரியா
இங்க இன்னும் இருக்கு

ராஜேந்திரன் பெரியப்பா
எனக்குத் தெரியலையே

தீபக்
உங்களுக்கு மட்டும் அழிச்சிருக்கீங்கப்பா. இனிமே அட்மின்தான் எடுக்கணும்

பிரியா
அட்மின் செந்தில் அண்ணன். அதுதான் தீபக் கல்யாணப் பத்திரிகைல எங்கப்பா பேர் விட்டுப்போச்சுன்னு குரூப்ப விட்டே போயிடுச்சே

ராஜேந்திரன் பெரியப்பா
அது பிரஸ்காரன் பண்ண தப்புன்னு எத்தினி தடவ சொல்றது

தீபக்
அவர் போனதுலேர்ந்து எங்கம்மாதான் அட்மின்

சரோஜா பெரியம்மா
நானா? ஐயோ நான் ஒண்ணும் பண்ணலப்பா

தீபக்
அம்மா அந்த வீடியோவ அமுக்கிப் புடி. குப்பைத்தொட்டி மாதிரி வரும்

*இந்த மெசேஜை அட்மின் சரோஜா பெரியம்மா நீக்கினார்*

கவிதா அம்பத்தூர்
பெரியம்மா அது நான் எழுதினது

மோகன் சித்தப்பா பல்லாவரம்
நல்லவேளை. நான் இன்னும் படிக்கல

பிரியா (10:12)
செந்தில் அண்ணன்கிட்ட பேசிட்டேன். பூசாரி அதுக்கு நல்லா பழக்கம், போன் போட்டுச்சு. நம்ம குடும்பம் வருதுன்னு ஊர் குரூப்ல எழுதறேன்னாராம். வீடியோவ எடுத்தாரா இல்லையான்னு கேட்டா சிரிக்கிறாராம்

கவிதா அம்பத்தூர்
சாக்லேட்ட அவர் சம்சாரம் கையால குடுக்கச் சொல்லு. இல்ல வேணாம். காலைல யோசிப்போம்

தீபக்
செந்தில் அண்ணன் வருதா? தாய்மாமன் மடி வேணுமே

பிரியா
பெரியப்பா வாயத் தொறந்து வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வேன்ல ஏறுவேங்குது

கவிதா அம்பத்தூர்
பெரியப்பா?

பிரியா
ரெண்டு நீல டிக் வந்துடுச்சு

சரோஜா பெரியம்மா (10:31)
மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டாரு