மண்ணின் பாரத்தில் மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா?

நிலாவெளி ஐஸ்காரர்:
எங்கள் சிறிய ஐஸ் ஆலையின் கூரையில் சூரியப் பலகைகள் இருப்பதால் பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. இரவிலோ காசு கொடுத்து வாங்குகிறோம். நிலத்தடியில் ஒரு பெரிய பையைப் புதைத்து, பகலில் அதற்குள் நீரை இறைத்து மேலுள்ள மண்ணைத் தூக்கி, பின்னர் அந்த மண்ணின் பாரமே நீரைச் சுழலியூடாக வெளியே தள்ளும்படி டென்மார்க்கில் சோதித்திருக்கிறார்கள். கடலோரமாக எங்களுக்கு 40 பேர்ச் (சுமார் 1000 சதுர மீற்றர்) மணற்காணி உண்டு. அதில் 100 கிலோவாற்று மணியைச் சேமிக்கலாமா?

கிண்ணியா மாணவன்:
முடியும் என்றே நினைக்கிறேன், ஐயா. ஈரமண் நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பாரமானது. 25 மீற்றர் மண்ணின் கீழ் அமுக்கம் சுமார் 5 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அமுக்கத்துக்குச் சமம்) என்பதால், ஒரு கனமீற்றர் நீருக்கு 0.14 கிலோவாற்று மணி கிடைக்கும்.

உவர்மலைப் பொறியியலாளர் (ஓய்வு):
தம்பி, அமுக்கம் சரி. கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது. நீர் மேலிருந்து கீழே இறங்கும்போது தன் பாரத்தாலேயே 2.5 பார் அமுக்கத்தைத் தந்துவிடுகிறது, வெளியேறும்போது அதே 25 மீற்றர் மேலேற வேண்டியும் இருக்கிறது. ஆகவே மண்ணுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் மட்டுமே சேமிப்பாகும்: 0.07. பம்பியிலும் சுழலியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 0.05 அளவே மிஞ்சும். 100 கிலோவாற்று மணிக்கு 2000 கனமீற்றர் நீர் தேவை. அதாவது 40 பேர்ச் காணி முழுவதும் தினமும் 2 மீற்றர் உயர்ந்து தாழ வேண்டும். ஓரங்களில் மணல் சரியும், மாரி மழை மேட்டை அரிக்கும், அதற்கு முன்பே 25 மீற்றர் தோண்டும் குழியில் நிலத்தடி நீர் ஊறி நிற்கும். (புல்மோட்டையின் இல்மனைற்று என்ற கனிம மணல் இதற்கு அருமையாகப் பொருந்தும், அதன் மணிகள் நீரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தியானவை, ஆனால் விலைமதிப்புள்ள அதை யார் புதைக்க விடுவார்கள்?) 500 மீற்றர் உயர மலையில் நீரேற்றினால் அதே கனமீற்றர் 1.36 கிலோவாற்று மணியைத் தாங்கும். திருகோணமலைக் கரையில் அந்த உயரம் இல்லை.

நிலாவெளி ஐஸ்காரர்:
நன்றி, ஐயா. அப்படியானால் பற்றறிதானா?

உவர்மலைப் பொறியியலாளர் (ஓய்வு):
அதற்கு முன் உங்கள் ஐஸைப் பாருங்கள். 0 பாகையிலுள்ள ஒரு தொன் நீரை உறையவைக்க அகற்றவேண்டிய வெப்பம் 93 கிலோவாற்று மணி. அது குளிர், மீண்டும் மின்சாரமாகாது. ஆனால் நீங்கள் விற்பதே குளிர் அல்லவா? நல்ல காப்பிட்ட அறையைக் கட்டி, பகலிலேயே கூடுதலாக உறையவைத்து, இரவில் கம்பிரசரை நிறுத்திவிடுங்கள். அறைக்கு எத்தனை தொன் கொள்ளும் என்று எழுதினால் மிச்சக் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.