புதுப்பிப்பு: இரும்புக் கடை எக்சர்சைஸ் சைக்கிள் ஓட ஆரம்பித்துவிட்டது

தக்கலையில் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்த சைக்கிள் கடகடவென்று சத்தம் போடுகிறது, சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டையும் இல்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

சத்தத்துக்குக் காரணம் பேரிங்தான், உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருந்தது. 6000 நம்பர் (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ.), ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். பிரேக்குக்கு முதலில் சாதா சைக்கிளின் ரப்பர் கட்டையை வைத்துப் பார்த்தேன், கீச்சென்று கத்தியதோடு தரையெல்லாம் கறுப்புப் பொடி. அப்புறம் இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி பழைய தோல் செருப்பை வெட்டி, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பொருத்தினேன், சரியாகிவிட்டது.

எதிர்பாராதது இடது பெடல்! அதன் மரை தலைகீழ், வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் அரை நாள் மல்லுக்கட்டினேன்.