காது கேட்கும் கருவி பொருத்துபவரின் தகுதியை எப்படி அறிவது?

கேள்வி (பாலக்கோடு): தர்மபுரியில் ஒரு கடையில் என் தந்தைக்கு வாங்கிய கருவி, பேருந்து நிலையத்துக்குள் நுழைந்ததும் இரைச்சலையே பெரிதாக்குகிறது, பேச்சு புரியவில்லை என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பொருத்தியவர் தகுதி பெற்றவர்தானா?

பதில் (ஓசூர்): 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆடியாலஜிஸ்ட் (செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் வல்லுநர்) இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

பதில் (கிருஷ்ணகிரி): நான் இத்துறையில் இருக்கிறேன். ஒலிபுகா அறையில் ஆடியோகிராம் (எந்தெந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்து, அதற்கேற்பக் கருவியைச் சீரமைத்து, மெல்லிய குழாயைக் காதினுள் செலுத்திச் செவிப்பறையருகே ஒலியை அளந்து பார்க்க வேண்டும் என்றே பல நாடுகளின் செவித்திறன் வல்லுநர் சங்கங்கள் வலியுறுத்துகின்றன. விலையைவிட இந்த அளவீடுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் காட்டலாம்.

கேள்வி கேட்டவர்: ஆடியோகிராமே எடுக்கவில்லை, ஐயா. திங்களன்று அப்பாவை மைசூருக்கு அழைத்துச் செல்கிறேன்.