லிவர் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் பிசியோ, நடந்தா ஆக்சிஜன் இறங்குது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு லிவர் மாத்தி வீட்டுக்கு கூட்டிட்டு வந்தாச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியே ஹெபடோபல்மனரி சின்ட்ரோம் இருந்துச்சு, அதாவது லிவர் கெட்டதால நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்லாம் விரிஞ்சு ரத்தத்துல ஆக்சிஜன் சரியா ஏறாது, புது லிவர் வச்சாலும் இது மெதுவாத்தான் சரியாகும், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுபோக வலது பக்கம் நுரையீரலைச் சுத்தி நீர் வேற கோத்து எடுத்தாங்க.

இப்ப சிக்கல் என்னன்னா படுத்திருந்தா 95 காட்டுற ஆக்ஸிமீட்டர், எந்திரிச்சு ஹால் வரைக்கும் நடந்தா 86க்கு இறங்கிடுது, உக்காந்து உதட்டைக் குவிச்சு மூச்சு விட்டா மெல்ல ஏறுது. 88க்கு கீழ போனா நிறுத்திடுங்கன்னு பிசியோ சொல்லிருக்கார், சரிதான், ஆனா நடக்கலைன்னா தசை இன்னும் கரையுதே, ஸ்டீராய்டு வேற ஓடுது, கையை ஊனாம சேர்ல இருந்து எந்திரிக்க முடியல. மூச்சுப் பயிற்சிக்கான மூணு பந்து ஸ்பைரோமீட்டர் இழுத்தா (ஊதக்கூடாது, உறிஞ்சணும், நிறைய பேர் மாத்திப் பண்றாங்க) இருமல் வந்துடுது, தலகாணியை வயித்தோட அணைச்சுக்கிட்டுத்தான் இருமுறார்.

ஆக்சிஜன் போட்டுக்கிட்டே நடைப்பயிற்சி பண்ணவங்க இருக்கீங்களா, எப்ப விட முடிஞ்சுது? டாக்ரோலிமஸ்னால (புது லிவரை உடம்பு ஒதுக்காம இருக்கத் தர்ற மருந்து) கை நடுங்குறவங்க கைக்கு என்ன பயிற்சி பண்ணீங்க? டாக்டரைக் கேக்காம எதையும் மாத்த மாட்டோம், அடுத்த ரிவ்யூல என்னென்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்.