வகுப்பு நடக்கும்போது மட்டும் லேப்டாப் லாக் ஆகிறது, எங்கே பார்ப்பது?

குவிலென்சு:
வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் சொந்த லேப்டாப்தான், விண்டோஸ் 11. பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் பாடத்தைப் புரொஜெக்டரில் போட்டு நடத்துகிறேன். பொருளை நகர்த்த நகர்த்தப் பிம்பம் எங்கே விழுகிறது என்று திரையில் காட்டிவிட்டு, நோட்டில் சரியாக வரைகிறார்களா என்று பார்க்கக் கடைசி பெஞ்சு வரை போவேன். திரும்பினால் சுவரில் லாக் ஸ்க்ரீன் நிற்கிறது. நான் முன்னால் வந்து பாஸ்வேர்டு போடுவதற்குள் பிள்ளைகள் பாதிக் கதிரில் ஸ்கேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வேகமாக வரைகிறவர்கள் எப்படியோ முடித்துவிடுவார்கள். மெதுவாக எழுதும் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பவர் செட்டிங்ஸில் ஸ்க்ரீன், ஸ்லீப் இரண்டும் 'நெவர்'. ஸ்க்ரீன்சேவர் கிடையாது. சார்ஜரிலேயே இருக்கிறது. வீட்டில் எவ்வளவு நேரம் சும்மா விட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்தியபடியே பார்த்தேன். அப்போதும் லாக் ஆகவில்லை. பிள்ளைகள் இருக்கும்போதுதான் ஆகிறது.

பாஸ்வேர்டையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளம்) வேலையும் இதில்தான் செய்கிறேன், பிள்ளைகளின் விவரமெல்லாம் உள்ளே இருக்கிறது. அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

மேலவீதி:
டீச்சர், மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதில் 'அவேக்' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் கம்ப்யூட்டர் தூங்காது, பவர் செட்டிங்ஸில் கை வைக்கவும் வேண்டாம்.

ஆய்வக அண்ணன்:
அவேக் நல்ல கருவிதான். ஆனால் அது தடுப்பது தூக்கத்தை. டீச்சருக்கு வருவது தூக்கமா, பூட்டா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிற எல்லா செட்டிங்கையும் 'நெவர்' ஆக்கிவிட்டுத்தான் வருவார்கள். திரை அணைவது, மெஷின் தூங்குவது, விண்டோஸ் தன்னைப் பூட்டிக்கொள்வது மூன்றும் வேறு வேறு. திரும்பி வந்து பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள், மெஷினில் நடப்பதை விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவேடு அது. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். லாக் ஆன நேரத்துக்கு நேராகக் கெர்னல்-பவர் 42 என்று ஒரு வரி இருந்தால் மெஷின் தூங்கியிருக்கிறது. ஏன் தூங்கியது என்ற காரணமும் அதிலேயே இருக்கும். புது லேப்டாப் சிலவற்றில் 42-க்குப் பதில் 506 வரும். இரண்டுமே இல்லையென்றால் அது தூக்கம் இல்லை, விண்டோஸ் விழித்துக்கொண்டேதான் பூட்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி. பெஞ்சுப் பக்கம் போகும்போது போன் உங்கள் கையோடு வருகிறதா? அந்த போன் லேப்டாப்போடு ப்ளூடூத்தில் சேர்ந்திருக்கிறதா?

குவிலென்சு:
பார்த்தேன் சார். அந்த நேரத்தில் 42-ம் இல்லை, 506-ம் இல்லை. போன் கைப்பையில், பை என் தோளில். ப்ளூடூத் உண்டு. வாங்கியபோது அக்கா மகன் எல்லாம் இணைத்துக் கொடுத்தான்.

ஆய்வக அண்ணன்:
அப்படியென்றால் டைனமிக் லாக்காகத்தான் இருக்க வேண்டும். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி, 11-லும் தொடர்கிறது. போனின் ப்ளூடூத் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை விண்டோஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். சிக்னல் குறைந்துபோனால் நீங்கள் எழுந்து போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடம் போலக் கழித்துப் பூட்டிவிடும். ஸ்லீப் 'நெவர்' என்று இருப்பதை அது கண்டுகொள்ளாது.

காலி வகுப்பில் ஏன் ஆகவில்லை என்பது உங்கள் பாடத்துக்குப் பக்கத்து விஷயம். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அந்த அலையை அது நன்றாக உறிஞ்சும். வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்தால் உங்கள் பைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே அத்தனை உடம்புகள். தூரம் அதேதான், போய்ச்சேரும் சிக்னல் குறைவு. விண்டோஸுக்குத் தூரம் தெரியாது, சிக்னல்தான் தெரியும்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போங்கள். கீழே டைனமிக் லாக் என்று இருக்கும், அந்த டிக்கை மட்டும் எடுங்கள். ப்ளூடூத் இணைப்பு அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டை எடுக்க மறுத்தீர்களே, அது மிகச் சரி. பிள்ளைகளின் விவரம் உள்ள மெஷின் திறந்து கிடக்கவே கூடாது. இனி அது தானாகப் பூட்டாது என்பதால், வகுப்பை விட்டு வெளியே போகும்போது விண்டோஸ் கீயோடு எல் கீயை அழுத்துங்கள். கை பழகிவிடும்.

குவிலென்சு:
டிக் இருந்தது சார், எடுத்துவிட்டேன். இன்று இரண்டு பீரியடும் கடைசி பெஞ்சில் நின்று திருத்தினேன், ஒருமுறைகூட லாக் ஆகவில்லை. மிக்க நன்றி. கதிர்ப்படம் எல்லோரும் முடித்துவிட்டார்கள். அலை உறிஞ்சப்படுவதையும் அப்படியே வகுப்பில் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, 'நாங்க எல்லாரும் குனிஞ்சா லாக் ஆகாதா மிஸ்?' என்று கேட்டான். டிக்கைத் திரும்பப் போட்டு ஒருநாள் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் கணக்கு ஆசிரியருக்கும் இதே தொல்லை. அவர் டைப் செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடுகிறது, பிறகு பாஸ்வேர்டு கேட்கிறது. நீங்கள் சொன்னபடி பார்த்தோம். 42 இருக்கிறது, காரணம் 'பட்டன் ஆர் லிட்', அதாவது பட்டன் அல்லது மூடி. மூடியை அவர் தொடுவதே இல்லை.

ஆய்வக அண்ணன்:
மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் தெரிந்துகொள்வது ஒரு சின்னக் காந்தத்தால். திரைப் பக்கம் காந்தம், கீழே கை வைக்கும் பக்கம் அதை உணரும் சென்சார். வேறு காந்தம் பக்கத்தில் வந்தாலும் மூடிவிட்டதாக நினைத்துத் தூங்கும். சாரிடம் கையில் என்ன கட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். காந்தத்தால் ஒட்டும் பட்டை உள்ள ஸ்மார்ட்வாட்ச் என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். காந்தம் வைத்த போன் கவரும் இதைச் செய்யும்.

மேலவீதி:
ஒரு லேப்டாப்மேல் இன்னொன்றைத் திறந்து வைத்தாலும் ஆகும். எங்கள் கடையில் பார்த்திருக்கிறேன்.

ஆய்வக அண்ணன்:
ஆமாம், அடியில் இருப்பதன் காந்தம் மேலே உள்ளதை ஏமாற்றும். சார் வாட்சைக் கழற்றிவிட்டு ஒரு பீரியட் டைப் செய்யட்டும். தூங்கவில்லையென்றால் வாட்சை மறு கைக்கு மாற்றினாலே போதும், சென்சார் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். கழற்றியும் தூங்கினால் லேப்டாப் மாடலை இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.