முதல் தடவை தனியாகக் கார் கேம்பிங்: குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத காட்டில் இரண்டு இரவு (பிளாக்ஸ்டாஃப் பக்கம்)

மருதாணி:

எல்லோருக்கும் வணக்கம். அரிசோனா, சாண்ட்லரில் இருக்கிறேன். அக்டோபர் இரண்டாம் வாரம் வெள்ளி சாயங்காலம் கிளம்பி, பிளாக்ஸ்டாஃப் அருகே கோகொனினோ தேசிய வனத்தில் இரண்டு இரவு தங்கி, ஞாயிறு மதியம் திரும்ப நினைக்கிறேன். காசு கட்டும் கேம்ப்கிரவுண்ட் இல்லை. தண்ணீர், கழிப்பறை, மேசை எதுவும் இல்லாத டிஸ்பர்ஸ்டு கேம்பிங். நண்பர்களோடு கேம்ப்கிரவுண்டில் தங்கிப் பழக்கம் உண்டு, தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

வண்டி ராவ்4 ஹைப்ரிட். பின் சீட்டை மடக்கி உள்ளேயே படுக்கலாமா, கூடாரம் வேண்டுமா? எந்த இடத்தில் தங்கலாம், எதில் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் எவ்வளவு? கொரியன் கடையில் வாங்கிய கேசட் அடுப்பு (கேஸ் டப்பாவைப் பக்கவாட்டில் செருகுவது) இருக்கிறது, அது போதுமா? கழிப்பறை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

---

மேட்டுக்காடு:

இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வனத்துறை இலவசமாகத் தரும் 'மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்' என்ற வரைபடத்தை அவென்சா செயலியில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். அதில் சில சாலைக் கோடுகளின் ஓரமாகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அந்தச் சாலைகளில்தான் கேம்பிங்குக்காக 300 அடி வரை வண்டியை உள்ளே இறக்கலாம். புள்ளி இல்லாத சாலையில் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிளாக்ஸ்டாஃப் நகரை ஒட்டிய சில பகுதிகளில் கேம்பிங்குக்கே தடை. சுற்றிலும் தனியார் நிலமும் மாநில டிரஸ்ட் நிலமும் கலந்து கிடக்கின்றன. டிரஸ்ட் நிலத்துக்குத் தனி பெர்மிட் வேண்டும். வரைபடம் பார்க்காமல், கூகுளில் பச்சையாகத் தெரிகிறதே என்று நிறுத்தினால் இங்கேதான் மாட்டுவீர்கள். வனத்தில் தங்கக் கட்டணம் இல்லை, 14 நாள்தான் உச்சவரம்பு.

ஏற்கெனவே யாரோ தங்கிய தடம், கல் வளையம் இருக்கும் இடமாகப் பாருங்கள். புதுசாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்க வேண்டாம். இறங்கியதும் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பட்டை உரிந்து இலையில்லாமல் நிற்கும் பாண்டரோசா பைன் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும், சில சமயம் முழு மரமும் சாயும். அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள். 2010 ஷுல்ட்ஸ் தீ, 2022 பைப்லைன் தீ எரித்த சரிவுகளில் செத்த மரம் அதிகம், மழை வந்தால் அடிவாரத்துக்கு வெள்ளமும் வரும். அந்தப் பக்கமே வேண்டாம்.

அடுத்து தரை. காலித் தோட்டா உறைகளும், ஆரஞ்சு நிறக் களிமண் தட்டுத் துண்டுகளும் சிதறிக் கிடந்தால் அது சுட்டுப் பழகும் இடம். நல்ல சமதளமாகத்தான் இருக்கும், இருந்தாலும் அடுத்த இடம் பாருங்கள். அக்டோபரில் எல்க் வேட்டையும் நடக்கும். விடியற்காலையில் தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். நடக்கப் போகும்போது ஆரஞ்சு வெஸ்ட் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வெள்ளி சாயங்காலம் கிளம்புவது தப்பு. அக்டோபர் நடுவில் அங்கே 6 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17-இல் 145 மைல், வெள்ளிக்கிழமை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இருட்டில் போய்ச் சேர்ந்தால் மேலே சொன்ன எதையும் பார்க்க முடியாது. அரை நாள் லீவு போட்டு 3 மணிக்குள் காட்டுச் சாலையில் இருங்கள். முடியாவிட்டால் வெள்ளி இரவு காசு கொடுத்து ஒரு கேம்ப்கிரவுண்டில் படுத்துவிட்டு, சனி காலை இடம் தேடுங்கள்.

---

அடுப்பங்கரை:

கேசட் அடுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

அந்த டப்பாவில் இருப்பது பியூட்டேன். அது சுமார் 0 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், அந்த அளவுக்குக் குளிர்ந்தால் அடுப்பு எரியப் போதுமான அளவு ஆவியாகாது. பிளாக்ஸ்டாஃப் 7,000 அடி உயரம், அக்டோபர் நடுவில் அதிகாலை வெப்பநிலை உறைநிலையைத் தொடும். டப்பாவைக் குலுக்கினால் உள்ளே திரவம் ஆடும், ஆனால் பர்னரில் நீலச் சுடர் மொட்டு மாதிரி நின்று அணைந்துவிடும். பாதி நிரம்பிய டப்பாவைக் 'காலி' என்று நினைத்துத் தூக்கிப்போடுவது இப்படித்தான். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அதனால் ஒரு பவுண்டு பச்சை சிலிண்டர் மாட்டும் கேம்ப் அடுப்பு வாங்கிவிடுங்கள். இரண்டு பர்னரையும் முழுசாக எரித்தால் ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் வரும். இரண்டு இரவுக்கு ஒருவருக்கு ஒன்று போதும், இரண்டு எடுங்கள். கேசட் அடுப்பையே கொண்டுபோவதென்றால் டப்பாவை ராத்திரி ஜாக்கெட்டுக்குள் சுற்றிப் பக்கத்தில் வைத்து, காலையில் மாட்டுங்கள். அதன்மேல் பெரிய தோசைக்கல்லை மட்டும் வைக்காதீர்கள். கல் டப்பா அறைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றால் சூடு கீழே இறங்கி டப்பா வெடிக்கும். காற்றுக்கு மறைப்பு வைக்கிறேன் என்று நாலு பக்கமும் ஃபாயில் சுற்றுவதும் அதே ஆபத்துதான்.

அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் வைத்தால் துவரம்பருப்பு எத்தனை நேரமானாலும் முழிக்கும். இரண்டு லிட்டர் குக்கர் கொண்டுபோங்கள், வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். அரிசியை அரை மணி ஊறவையுங்கள். உண்மையில் முதல் பயணத்துக்குப் புளிக்காய்ச்சல், தயிர்சாதம், சப்பாத்தி, வேகவைத்த முட்டை என்று முடித்துக்கொள்வது உத்தமம். அடுப்பு காபிக்கும் கஞ்சிக்கும் மட்டும் இருக்கட்டும். பாத்திரம் குறைந்தால் தண்ணீரும் மிச்சம்.

தண்ணீர்க் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஒரு கேலன், கை கால் கழுவ, பாத்திரம் துலக்க இன்னொன்று. இரண்டு நாளைக்கு நாலு கேலன், வண்டி மாட்டிக்கொண்டால் என்று ஒரு கேலன் கூட. ஆக ஐந்து, அதாவது 19 லிட்டர். ஒரே பெரிய கேனில் வேண்டாம், அது ஒழுகினால் எல்லாம் போச்சு. கடையில் குழாய் வைத்து விற்கும் இரண்டரை கேலன் பெட்டி இரண்டு போதும். அந்தக் குழாய்தான் அதன் பலவீனம், மேடு பள்ளத்தில் எதிலாவது இடித்துத் திறந்துகொள்ளும். குழாய் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வையுங்கள். ஓடைத் தண்ணீரை நம்பிப் போகாதீர்கள், அந்தப் பருவத்தில் பல இடங்களில் வறண்டிருக்கும்.

---

வண்டிப்பேட்டை:

முதல் தடவைக்கு வண்டிக்குள் படுப்பதே நல்லது. கதவு பூட்டும், காற்றுக்கு ஆடாது, சரிப்படவில்லை என்றால் முன் சீட்டுக்கு நகர்ந்து அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஒரு இரவு வீட்டு டிரைவ்வேயில் படுத்துப் பாருங்கள். மடக்கிய சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் பள்ளம் விழும், தலை அங்கேதான் வரும். தண்ணீர்ப் பெட்டியோ துணிப்பையோ வைத்து அடைத்து மேலே பலகை போடுங்கள். எந்தப் பக்கம் சரிகிறது என்று முதுகுக்கு உடனே தெரியும். தலை மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள்.

ஹைப்ரிட் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். 'ரெடி' நிலையில், அதாவது வண்டியை ஆன் செய்து ஓட்டத் தயாராகப் போட்டு, ஹீட்டரோடு தூங்கலாம் என்று பலர் சொல்வார்கள். பேட்டரி இறங்கும்போதெல்லாம் என்ஜின் தானாக ஓட ஆரம்பிக்கும், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். சைலன்சர் ஒரு புதரிலோ மண் மேட்டிலோ முட்டி நின்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கீழ்ப்பக்கமாக உள்ளே வரும். வாசனை கிடையாது. ரெடியில் போடாமல் வெறும் ஆக்சசரியில் விட்டால் 12 வோல்ட் பேட்டரி இறங்கி, காலையில் வண்டி கிளம்பாது. இரண்டும் வேண்டாம். வண்டியை முழுசாக அணைத்துவிட்டு, குளிருக்குப் படுக்கையை நம்புங்கள். டிக்கி திறந்தே இருந்தால் உள்விளக்கு எரியும், அதை ஸ்விட்சில் அணையுங்கள். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று அவசியம். அடுப்பை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ பற்றவைக்கவே கூடாது, கை காய்ச்சக்கூட. பேட்டரியில் ஓடும் சின்ன மோனாக்சைடு அலாரம் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். விருந்தினருக்குப் போடும் காற்று மெத்தை இங்கே உதவாது, உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 4-க்கு மேல் உள்ள படுக்கை பேட் வாங்குங்கள், அல்லது ஃபோம் பாய் போட்டு மேலே கம்பளியை இரண்டாக மடித்து விரியுங்கள். தூக்கப்பையின் முன்பக்கம் பெரிதாக '20 டிகிரி' (ஃபாரன்ஹீட்) என்று இருப்பது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை, நிம்மதியாகத் தூங்கும் அளவு அல்ல. உள்ளே லேபிளில் 'கம்ஃபர்ட்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அது 20 முதல் 25 ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கட்டும்.

எதிரெதிர் ஜன்னல் இரண்டை விரல் அகலம் இறக்கி வையுங்கள். மூடிவிட்டால் மூச்சுக்காற்று கண்ணாடியில் நீராகி, விடிகாலையில் தூக்கப்பை மேல் சொட்டும். வெள்ளிப் பூச்சுக் குமிழ் ஷீட்டை ஜன்னல் அளவுக்கு வெட்டிச் செருகினால் குளிரும் குறையும், வெளியிலிருந்து பார்வையும் மறையும்.

டயர்: அந்தப் பக்கமெல்லாம் எரிமலைக் கல், ஓரம் கூராக இருக்கும். தரைப் பலகையைத் தூக்கி ஸ்பேர் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பாட்டில் மட்டும் இருந்தால், பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது பயன்படாது. ஜாக்கி மண்ணில் புதையும், ஒரு அடிச் சதுரப் பலகை வேண்டும். சாலை உதவிச் சந்தாவில் மண் சாலைக்கு வருவார்களா என்றும் படித்துப் பாருங்கள், பலர் வருவதில்லை.

---

மருதாணி:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி மதியமே கிளம்புகிறேன், புரொப்பேன் அடுப்பு வாங்குகிறேன். கழிப்பறை, பாதுகாப்பு இரண்டும் இன்னும் பாக்கி. கரடி பற்றியும் சொல்லுங்கள். கேம்ப் ஃபயர் போடலாமா?

---

நீலவானம்:

கழிப்பறையைப் பற்றிக் கேட்டீர்களே தோழி, விளக்கமாகவே சொல்கிறேன். தங்கும் இடம், பாதை, ஓடை எல்லாவற்றிலிருந்தும் 200 அடி, அதாவது எழுபது எட்டு தள்ளிப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்க் குழியைத் தோண்டி வைத்துவிடுங்கள். ஆழம் 6 முதல் 8 அங்குலம், அகலம் ஒரு சாண். அந்தத் தரையில் பிளாஸ்டிக் மண்கரண்டி உடையும், உலோகத்தில் செய்தது வேண்டும். ஆழம் குறைந்தால் விலங்குகள் கிளறிவிடும், ரொம்ப ஆழமானால் மக்காது. கல் முட்டி இறங்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கழுவிக்கொள்ள, பாட்டில் வாயில் மாட்டி, தண்ணீரைப் பீய்ச்சும் பிடெ மூடி கிடைக்கிறது. அரை லிட்டர் தாராளம், அந்தத் தண்ணீரும் குழிக்குள்ளேயே போக வேண்டும். காகிதம் உபயோகித்தால் புதைக்காதீர்கள், வறண்ட மண்ணில் அப்படியே கிடக்கும். டக்ட் டேப் சுற்றி மறைத்த ஜிப் பையில் போட்டு, ஒரு ஸ்பூன் பேக்கிங் சோடா தூவி, வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பேட், டாம்பன், வெட் வைப்ஸ் எல்லாவற்றுக்கும் இதே பைதான். குழியை மூடி மிதித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். ராத்திரி சிறுநீருக்கு வெளியே போக மனமில்லை என்றால் வாய் அகன்ற மூடி போட்ட டப்பாவும் புனலும் போதும்.

பாதுகாப்பு: வண்டியை வாசல் பார்த்து, ஒரே திருப்பில் வெளியே போகிற மாதிரி நிறுத்துங்கள். சாமான்களை ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிட்டால் கிளம்ப ஒரு நிமிடம் ஆகாது. சாவி தினமும் ஒரே இடத்தில். பெரிய சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத வளைவு நல்லது. படத்தை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். யாராவது வந்து 'தனியாகவா?' என்று கேட்டால், 'ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று சொல்லிவிடுங்கள். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் தேட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கரடி ஸ்ப்ரே வைத்திருந்தால் சாண்ட்லர் வெயிலில் வண்டிக்குள் விடாதீர்கள், டப்பா வெடிக்கும்.

நம்பிக்கையான ஒருவரிடம் நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள்: வனச் சாலை எண், வண்டி நம்பர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குமேல் தகவல் இல்லாவிட்டால் கோகொனினோ கவுண்டி ஷெரிஃபை அழைக்க வேண்டும் என்பது. தேடி மீட்பது அவர்கள் பொறுப்பு. இடம் மாறினால் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சிக்னல் இல்லாவிட்டாலும் உதவி கேட்கும் சாட்டிலைட் எஸ்.ஓ.எஸ். உண்டு. அதன் செயல்முறை மாதிரியை வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், வானம் திறந்திருந்தால்தான் அது எடுக்கும்.

---

மேட்டுக்காடு:

கரடி: அரிசோனாவில் கருங்கரடி மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஆளைக் கண்டால் விலகிப்போகும். சாப்பாடு, பற்பசை, குப்பைப் பை எல்லாம் மூடிய பெட்டியில், ஜன்னல் திறக்காத பக்கமாக இருந்தால் போதும். இதையே யோசெமிட்டியில் செய்ய முடியாது, அங்கே இரவில் காரில் சாப்பாடு வைப்பதே விதிமீறல். இங்கே தொந்தரவு எலிதான். மான் எலியின் எச்சத்தில் ஹண்டா வைரஸ் இருக்கலாம், நுரையீரலைத் தாக்கும் அதன் வகையை 1993-இல் இந்த ஃபோர் கார்னர்ஸ் (நாலு மாநிலங்கள் சந்திக்கும்) வட்டாரத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பாழடைந்த கொட்டகை, எலி வளை பக்கம் படுக்காதீர்கள்.

கேம்ப் ஃபயர்: தடை இல்லாத நாளாக இருந்தாலும் இந்த முறை வேண்டாம் என்பேன். ஒழுங்காக அணைக்க மண்வெட்டியும் தனியாக ஐந்து கேலன் தண்ணீரும் வேண்டும். ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடே தெரியக்கூடாது. தனியாளாகத் தூக்கம் வரும் நேரத்தில் அதை அரைகுறையாக விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

---

வண்டிப்பேட்டை:

கிளம்புவதற்கு முந்தின நாள் பிளாக்ஸ்டாஃப் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நீங்கள் குறித்த சாலை எண்ணைச் சொல்லி இரண்டு கேள்வி கேளுங்கள்: தீத் தடை எந்த நிலையில் இருக்கிறது, இந்த வாரம் அந்தப் பக்கம் மழை பெய்ததா. அந்த மண் நனைந்தால் களியாகி டயர் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும், நாலு சக்கர இழுவை இருந்தாலும் வழுக்கும். மழை பெய்திருந்தால் சரளை போட்ட பெரிய சாலையை விட்டு இறங்காதீர்கள். கடைசி பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டு உள்ளே போங்கள்.