வகுப்பறையில் நேரலை: ஆசிரியர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

பழவேற்காடு பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர்:

எங்கள் ஊருக்கு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ராக்கெட் கிளம்பினால் பள்ளி மைதானத்திலிருந்தே தெரியும். "வெளியே போய் நின்றாலே பார்க்கலாமே, யூடியூப் எதற்கு?" என்று எங்கள் பள்ளியிலேயே கேட்டார்கள். இரண்டையும் ஒன்றாகக் காட்டியதால்தான் எனக்கு அருமையான ஒரு பாடம் கிடைத்தது.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.35. சந்திரயான்-3 கிளம்பும் நேரம். வகுப்பில் பாதிப் பேர் ஸ்மார்ட் போர்டு முன்னால், மீதிப் பேர் வெளியே வராந்தாவில். போர்டில் இன்னும் கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது. வராந்தாவில் நின்றவர்கள் "போயிடுச்சு சார்!" என்று கத்துகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போர்டிலும் நெருப்பு தெரிந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்து, ராக்கெட் மேகத்துக்குள் மறைந்த பிறகு, உறுமல் சத்தம் வந்தது.

ஒரே நிகழ்ச்சி மூன்று தடவை வந்தது. அப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை, கேள்விகள் தானாக வந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 35 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? பிள்ளைகளே போட்டுப் பார்த்து, ஒன்றே முக்கால் நிமிடம் என்று சொன்னார்கள். "சரி சார், யூடியூப் ஏன் லேட்?" அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கேமரா எடுத்த படத்தைச் சுருக்கி, சில நொடித் துண்டுகளாக வெட்டி, சர்வருக்கு அனுப்புகிறார்கள். நம் கருவியோ தடங்கல் வராமலிருக்கச் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டுகிறது. நேரலை என்று நாம் பார்ப்பது சற்று முன் நடந்தது என்பது அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்தது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை:

சார் எழுதியது ஏவிய நாள். எங்களுக்கு இறங்கிய நாள். ஆகஸ்ட் 23, மாலை 6.04. பள்ளி முடிந்த பிறகும் பிள்ளைகளை இருக்கச் சொன்னோம், பெற்றோர் பலரும் வந்து பின்னால் நின்றார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. சித்தம்பூண்டிப் பகுதிப் பாறை நிலா மண்ணை ஒத்த அனார்த்தோசைட் வகை. சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலாவின் தரை மாதிரி செய்ய அந்தப் பாறையைத்தான் பொடியாக்கிக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் அந்தக் கல்லை ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதும் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

நேரலை காட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிலாவிலிருந்து நேரடிப் படம் எதுவும் வரவில்லை. கட்டுப்பாட்டு அறை, கணினியில் வரைந்த லேண்டர், உயரம், வேகம், அவ்வளவுதான். சும்மா உட்காரவைத்திருந்தால் பத்து நிமிடத்தில் சலித்திருக்கும். நான் வரைபடத்தாள் கொடுத்தேன். ஒரு பெண் உயரத்தைச் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தி நேரம் சொல்ல, மற்றவர்கள் புள்ளி வைத்தார்கள். 30 கிலோமீட்டரில் தொடங்கிய கோடு இறங்கிக்கொண்டே வந்தது. 2019-ல் சந்திரயான்-2 இறங்கும்போது சுமார் 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்ததை முன்பே சொல்லியிருந்தேன். அந்த உயரத்தைத் தாண்டியபோது யாரும் பேசவில்லை. 150 மீட்டரில் லேண்டர் அப்படியே நின்று இடம் பார்த்தபோது கோடு படுக்கையாக ஓடியது. "ஏன் மிஸ் இறங்கவே மாட்டேங்குது?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, அவன் போட்ட புள்ளிகளே பாதி பதிலாக இருந்தன.

பதிவான வீடியோவில் இதெல்லாம் நடக்காது. முடிவு தெரிந்த ஒன்றைப் பார்க்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு எனக்கும் முடிவு தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும். நேரலைக்கு வகுப்பில் இடம் கொடுக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

இணையம் பற்றி: யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்த மாலை அது. ஹாட்ஸ்பாட் இடையில் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்தில் தூர்தர்ஷனை ஓடவிட்டிருந்ததால் தப்பித்தோம். மாற்று ஏற்பாடு இல்லாமல் நேரலையில் இறங்க வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்:

நான் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியே நடப்பதை வகுப்புக்குள் கொண்டுவருவது வேறு, வகுப்பை வெளியே அனுப்புவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆண்டுவிழா ஒத்திகையை ஃபேஸ்புக் லைவில் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கமெண்ட் போடத் தொடங்கினார்கள். லைவை நிறுத்துவதற்குள் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் விழாவுக்கே வரவில்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். யூடியூபும் 2025 ஜூலையிலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர் துணையில்லாமல் லைவ் போக விடுவதில்லை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தப்பாக வாசிப்பதற்கும் திக்கிப் பேசுவதற்கும் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் வகுப்பு. கேமரா அவர்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பிய நிமிடமே அந்த இடம் போய்விடுகிறது. பெற்றோருக்குக் காட்டியே ஆக வேண்டுமென்றால் அன்லிஸ்டட் லிங்க் (லிங்க் கையில் இருப்பவர்கள் மட்டும் பார்ப்பது), கமெண்ட் மூடியிருக்க வேண்டும், முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

கோவையிலிருந்து, சமூக அறிவியல் ஆசிரியை:

ஈரோடு சார் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். எங்கள் கேமரா எப்போதும் வெளியே பார்ப்பதுதான், அதுவும் ரொம்பத் தூரத்தில்.

அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் அருவி என்று ஒன்று. ஜூலையில் சாக்கை சால்மன் மீன்கள் ஆற்றை எதிர்த்துத் தாவி ஏறும், பழுப்புக் கரடிகள் அருவி விளிம்பில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதை நேரலையாக இலவசமாகவே பார்க்கலாம். கோடையில் அவர்கள் நேரம் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். நம் காலை 9.30 அங்கே முந்தைய நாள் இரவு 8 மணி. "இரவு எட்டு மணிக்கு எப்படி மிஸ் வெயில் அடிக்குது?" என்று முதல் நாளே கேட்டார்கள். பூமி உருண்டையை எடுத்து வைத்து, அச்சின் சாய்வு, அட்சரேகை, தேதிக்கோடு என்று அந்த வாரம் முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியது.

ஒரு நாள் பாடவேளை முடியும்வரை எந்தக் கரடிக்கும் மீன் சிக்கவில்லை. சலித்துப்போவார்கள் என்று நினைத்தேன். தாவிய மீன்களையும் தவறவிட்ட கரடிகளையும் கடைசி பெஞ்சில் ஒருவன் நோட்டில் கோடு கோடாகக் குறித்திருந்தான். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததுமே போடச் சொன்னார்கள். படத் தரத்தைக் குறைத்து வைத்தால் சாதாரண மொபைல் டேட்டாவே தாங்குகிறது. ஜூலை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், மாதக் கடைசியில் மீன்வரத்து குறைந்துவிடும்.